மவ்ஜூதின் பெயரில் ஓடும் மதகுகள்

நீர்முறை அலுவலகத்தின் கணினி நிர்வாகி அப்துல் மவ்ஜூத் 2004ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார். இடையில் நடந்த காரியங்களில் யாரும் குறை வைக்கவில்லை. கஃப்ர் அல்-கஸப் ஊரில் எல்லா மையித்துக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்தார்கள். குளிப்பாட்டினார்கள், மூன்று துணி சுற்றினார்கள், அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கினார்கள். மையவாடிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய முக்கில் சந்தூக்கு வலப்பக்கம் திரும்பியது. தூக்கிய நாலு பேரும் பருத்தி மூட்டை சுமப்பவர்கள், சாமானியத்தில் அசைகிறவர்கள் அல்லர். இழுத்துப் பார்த்தார்கள், சந்தூக்கு அவர்களை இழுத்துக்கொண்டு கழுதைச் சந்தையைக் கடந்து, பழைய ரயில்வே கேட்டைக் கடந்து, நீர்முறை அலுவலகத்தின் இரும்புக் கதவில் போய் முட்டி நின்றது. டெல்டாப் பக்கம் இப்படி நடப்பதுண்டு. சந்தூக்கு தன்னிஷ்டத்துக்குப் போனால் உள்ளே படுத்திருப்பவர் இறைநேசர். பெண்கள் மாடிகளில் நின்று குலவையிட்டார்கள். வாயில்காவலர் ஸனூஸி மட்டும் கதவைத் திறக்கவில்லை.

"ஆபீஸ் நேரம் முடிஞ்சிருச்சு. காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

மவ்ஜூத் அப்படியே வந்தார்.

எட்டு நாள் அவர் இறைநேசராக இருந்தார். பிள்ளையில்லாதவர்கள் அவர் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இருமல்காரர்கள் அவர் மேஜையைத் துடைத்த துணியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒன்பதாம் நாள் இயக்குநர் லுத்ஃபி பே அவரைத் தம் அறைக்கு அழைத்து, உஸ்தாத், நீங்கள் ஏன் போகவில்லை என்று முறைப்படி கேட்டார். மவ்ஜூத், "போக முடியல பே. எல்லாம் என் பேர்ல ஓடுது" என்றார். காரணம் கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. நாற்காலியைத் தொட்டுக் கருத்தரித்திருந்த ஒருத்தி மட்டும் சிறிது காலம் சங்கடப்பட்டாள்.

அவர் சொன்னது உண்மை. கால்வாயின் நாற்பத்தொரு மதகுகளையும் முறைவைத்துத் திறக்கவும் மூடவும் 1994இல் வெளிநாட்டு உதவியில் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் வந்தது. ஐஸ்பெட்டி உயரம், ஐஸ்பெட்டிச் சத்தம். ஐந்து நாள் பாய்ச்சல், பத்து நாள் காய்ச்சல் என்று ஊரூருக்கு வரும் முறையை அதுவரை சைக்கிளில் போன ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்; அதன்பிறகு அது பார்த்துக்கொண்டது. உதவி கொடுத்த நாட்டின் எஞ்சினியர்கள் மூன்று வாரம் தங்கி ஒரே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஏனென்றால் அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. நாற்காலியில் இருந்தவர் மவ்ஜூத். வேலைகளுக்கென்று ஆள் பெயரில்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ள வேண்டும், ஆளின் சொந்தக் கணக்கில் எதையும் ஓட்டக் கூடாது என்று அவர்கள் கொடுத்த கையேட்டில் இருந்தது. கையேடு தடிமனாகவும் அழகாகவும் இருந்ததால் அப்போதைய இயக்குநர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மவ்ஜூத் தம் பெயரில் கணக்குத் திறந்தார். இயந்திரம் அவருக்கு 204 என்று எண் கொடுத்தது. மதகு ஒன்றுக்கான நேரத்தைத் தம் பெயரில் குறித்தார். பிறகு மதகு இரண்டு. பிறகு சம்பளப் பட்டியல், விடுப்புப் பட்டியல், நீர்மட்ட அறிக்கை. பத்து வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு வேலைகள் 204இன் பெயரில் நாள்தோறும் விழித்து, செய்து, உறங்கின. மாரடைப்பு வந்தபோது அது அவருக்கு மட்டும் வந்தது, பட்டியலுக்கு வரவில்லை.

சுகாதார ஆய்வாளர் இறப்புச் சான்றிதழை எழுதிப் பாதி முடித்திருந்தார். புதன்கிழமை வருகைப் பதிவேட்டில் மவ்ஜூதின் கையெழுத்தைக் காட்டியதும் எழுதியதைக் கிழித்துவிட்டார். புதன்கிழமை கையெழுத்துப் போட்டவர் செவ்வாய்க்கிழமை இறந்ததாகத் தாம் எழுதினால் தம் வேலை போய்விடும் என்றார். ஆகவே மவ்ஜூதின் மனைவி தஹானி விதவை ஆகவில்லை. மனைவியாகவும் இல்லை, ஏனென்றால் மவ்ஜூத் வீட்டுக்கு வருவதில்லை. பட்டியலில் எந்த மணிக்கும் ஒரு வேலை இருந்தது. அவள் கறுப்பு உடுத்தினால் பக்கத்து வீட்டுக்காரிகள் அபசகுனம் என்றார்கள், கலர் உடுத்தினால் வெட்கமில்லாதவள் என்றார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு அங்கி தைத்துக்கொண்டாள்.

மவ்ஜூத் மூச்சு விடுவதில்லை. நாடி கிடையாது. எதிரில் வைத்த தேநீர் ஆறும், குறையாது. கேட்டால் பேசுவார், கேட்டதற்கு மட்டும் பேசுவார். தூக்கம் மட்டும்தான் அவருக்குக் குறை. கண்ணை மூடினால் ஏதாவது ஒரு மதகின் முறை வந்து இமையைத் தூக்கிவிடும். உடம்பு ஜூலை ஆகஸ்டில்கூடக் குளிர்ந்திருந்ததால் ஊழியர்கள் குடிதண்ணீர்ப் புட்டிகளை அவர் மடியிலும் இரண்டு கக்கத்திலும் வைத்தார்கள். குமாஸ்தா ஷவ்கி தர்பூசணியைக்கூட வைத்துப் பார்த்தார். உருண்டு விழுந்ததால் அதைத் தொடரவில்லை.

நிஹால் 2008இல் வந்தாள். தாந்தா ஊர்க்காரி, இருபத்தாறு வயது, எஞ்சினியரிங் பட்டம். அவளுக்குக் கொடுத்த பதவி உதவி நிர்வாகி; நிர்வாகி உயிரோடு இல்லை என்பதை வேலைக்குச் சேரும் படிவத்தில் யாரும் குறிப்பிடவில்லை. முதல் நாள் கைகுலுக்கிவிட்டு வெளியே போய்க் கொஞ்சம் வாந்தி எடுத்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மவ்ஜூத் நல்ல ஆசான் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவளாகக் கேட்காமல் அவர் எதையும் சொன்னதில்லை. வட்டு நிரம்பிவிட்டதா, எந்தக் கோப்பு தின்கிறது என்று அவளே தேடினாள். அச்சுப்பொறி மாட்டிக்கொண்டதா, வரிசையை அவளே நிறுத்தி அவளே விட்டாள். காலையில் வந்ததும் முந்தின நாள் பதிவுகளைப் படிப்பாள், எந்த வேலை ஓடியது, எது முரண்டியது என்று. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவர் பெயர் இருக்கும். படித்து முடித்து நிமிர்ந்தால் அவர் இருப்பார்.

வியாழக்கிழமை தோறும் தஹானி சாப்பாடு கொண்டு வருவாள். வாத்து, அரிசி திணித்த கோஸ் இலை, சில வாரம் முலூகியாக் கீரை. மவ்ஜூதின் முன்னால் துணி விரித்துப் பரிமாறுவாள். அவர் சாப்பிட மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், ஊழியர்களுக்கும் தெரியும். அவர்கள் வியாழக்கிழமை வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்து வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஹாஜ்ஜா, போன வாரம் வாத்துல உப்பு கம்மி" என்றார் ஷவ்கி, எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"உனக்கா ஆக்கினேன்?"

"அவரு தொட மாட்டேங்கிறாரே, நாங்க என்ன பண்றது? வீணாக்கினா பாவம் இல்லையா?"

"தின்னு. தின்னுட்டு அந்தத் தண்ணி பாட்டில அவரு மடியிலேருந்து எடு."

"இன்னும் ஜில்லுனு ஆகலியே."

அன்று தஹானி பாத்திரங்களைக் கழுவும்போது நிஹாலைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ படிச்ச புள்ள. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவர அடக்கம் பண்ணணும். பென்ஷன் வேணாம், சர்ட்டிபிகேட்டு வேணாம். மண்ணுக்குள்ள வச்சுட்டு நான் ஒரு நாள் நல்லாத் தூங்கணும். அவரும் தூங்கணும். அந்தப் பொட்டிக்கிட்ட சொல்லி விடச் சொல்லுவியா?"

நிஹால் பார்க்கிறேன் ஹாஜ்ஜா என்றாள். அலுவலகத்தில் எல்லோரும் எதற்கும் சொல்கிற பதில்தான் அது. ஆனால் அவள் உண்மையிலேயே பார்த்தாள். மறு சனிக்கிழமை நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குச் சில நொடிகள் முன்னால் 204இன் கணக்கைப் பூட்டினாள். அழிக்கவில்லை, பூட்டினாள், பூட்டிய கணக்கின் வேலைகளை இயந்திரம் ஓட்டாது. பக்கத்து நாற்காலியில் மவ்ஜூத் மெல்லச் சாய்ந்தார். தலை மேஜையில் தட்டென்று விழுந்தது, ஒரு கை தொங்கியது. நாலு வருஷமாக இறுகிக் கிடந்த முகம் மாவு பிசைந்தது போல் இளகியது. வாய் லேசாகத் திறந்து, மதியச் சோற்றுக்குப் பிறகு திண்டில் சாய்ந்த எந்தப் பெரியவரையும் போல ஆனார். நிஹால் தன் அப்பாவை நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மூன்றுக்குத் தொலைபேசி அடித்தது. மதகு எட்டு திறக்கவில்லை, கீழே மூன்று ஊர் நாற்றங்காலோடு நிற்கிறது, யார் பொறுப்பு என்று ஒருவர் கத்தினார். அவள் பூட்டைத் திறந்தாள். மவ்ஜூத் தலையைத் தூக்கினார்.

"ஏம்மா எழுப்பின?" என்றார்.

பதினாறு ஆண்டுப் பழக்கத்தில் அவர் கேட்டதாக நினைவிருக்கும் ஒரே கேள்வி அது என்று பின்னால் ஷவ்கி சொன்னார். நிஹால் மன்னிப்புக் கேட்டாள்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்தும் கையேட்டிலேயே இருந்தது. அலமாரியைத் திறக்கச் செய்து, படித்து, ஆள் பெயரில்லாமல் 'தண்ணீர்' என்று ஒரு கணக்குத் திறந்து எல்லா வேலைகளையும் அதற்கு மாற்றலாம் என்று நாலு பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினாள். ஏழு மாதம் கழித்து மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். அவருக்கு யூனிக்ஸ் தெரியாது, பொறுப்பு தெரியும். அந்த அலுவலகத்தில் அச்சடித்த ஒவ்வொரு தாளின் அடியிலும் பொறுப்பாளர் என்று ஒரு வரி உண்டு. மதகு திறந்தால் அதற்கு ஒருவர், மூடினால் அதற்கு ஒருவர், துடைப்பம் வாங்கினால் அதற்கும் ஒருவர். அந்த வரி நிரம்பாமல் அங்கே எதுவும் நகர்ந்ததில்லை.

"தண்ணீர்ங்கிறது யாரு?" என்றார் தணிக்கையாளர்.

"யாரும் இல்ல சார். சும்மா ஒரு பேரு."

"அவரோட தேசிய அடையாள எண்?"

"ஆளே இல்ல சார்."

"ஆளே இல்லாத ஆளு தப்பா மதகு திறந்தா நான் யாருக்கு மெமோ கொடுக்கிறது? கால்வாய்க்குள்ள வீசிட்டு வரவா?"

"இப்ப இருக்கிறவரு இறந்துட்டாரு சார்."

"இறந்தா என்ன? எண் இருக்கு, கையெழுத்து இருக்கு, நாற்காலியில ஆளு இருக்கு. இந்தக் கட்டடத்துல ஒழுங்கா இருக்கிறது அவரு ஒருத்தர்தான்."

அதில் தவறில்லை. மதகு முறை தவறினால் மெமோ மவ்ஜூதுக்குப் போனது. சம்பளப் பட்டியலில் பெயர் விட்டுப்போனாலும், கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும்கூட அவருக்கே போனது. ஒருமுறை பொறுப்பாளர் வரியில் அவர் பெயரைப் போட்டுப் பழகியவர்கள் வேறு பெயரைத் தேடவில்லை. முன்பெல்லாம் மெமோ வாங்கியவர்களுக்கு ரத்த அழுத்தம் வந்தது, சர்க்கரை வந்தது, பக்கத்து மாவட்டத்தில் ஒரு மதகுக்காக ஒருவர் இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். மவ்ஜூதுக்கு எதுவும் வரவில்லை. அவர் வாங்கிப் படித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கோப்பில் வைத்தார். அறுபத்தொன்று சேர்ந்தன. ஊழியர்களுக்கு உடம்பு தேறியது. அந்த ஆண்டுகளில் நீர்முறை அலுவலகத்தில் வேறு யாரும் இறக்கவில்லை.

ஆகவே யாராவது ஒரு உயிருள்ளவர் தம் பெயரைத் தர வேண்டும். நிஹால் மேஜை மேஜையாகப் போய்க் கேட்டாள்.

"என் பேர்ல நாப்பத்தொரு மதகா?" என்றார் ஷவ்கி. "எனக்கு மூணு பொண்ணும்மா. ஒரு மதகு தந்தாக்கூட மாப்பிள்ள வீட்ல ஓடிருவாங்க."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு பதிவேட்டுல இருக்கு" என்றார் ஸனூஸி, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்து. "இப்பப் போயி மாத்தினா இருவது வருஷப் பொய் வெளிய வரும்."

கிட்டங்கிச் சரக்கைப் பார்க்கும் அம்மாள் தாம் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார், வயது ஐம்பத்தேழு. யாரும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை, எல்லோருக்கும் மவ்ஜூதின் மேல் இரக்கம் இருந்தது. கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள். "நீயே உன் பேரப் போட்டுக்கயேன் எஞ்சினியரம்மா?"

"நான் புதுசு" என்பாள் நிஹால். மூன்றாவது வருஷமும் அப்படித்தான் சொன்னாள்.

2011இல் ஆட்சிக்கு எதிராக நாடே தெருவில் நின்றது. மதகு எட்டு உரிய நேரத்துக்குத் திறந்தது. அந்த ஆண்டுக் குளிரில், நீர்மட்ட அறிக்கை தட்டச்சிடும்போது மவ்ஜூதின் வலக்கை ஆள்காட்டி விரல் காய்ந்த வேப்பங்குச்சி போல் ஒடிந்து விசைப்பலகையில் விழுந்தது. ரத்தம் வரவில்லை. அவர் ஒன்பது விரலால் அறிக்கையை முடித்தார். மின்பிரிவிலிருந்து ஒருவர் வந்து மிச்சமிருந்த விரல்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போனார். தஹானி வியாழக்கிழமை வந்து பார்த்தாள். அழவில்லை.

"மிச்சம் எங்க?" என்றாள்.

ஷவ்கி இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். மேலே சரக்கு எண் எழுதியிருந்தது.

"குடு."

"படிவம் நிரப்பணும் ஹாஜ்ஜா. ஆபீஸ் வளாகத்துல விழுந்த பொருளு."

"நிரப்பு."

"பொறுப்பாளர் பேரு என்னன்னு போட?"

"அவர் பேரையே போட்டுக்கடா!" என்று தஹானி கத்தினாள். ஏழு வருஷத்தில் அவள் கத்தியது அப்போதுதான். ஷவ்கி அப்படியே போட்டார், மவ்ஜூத் கையெழுத்திட்டார், தஹானி கணவனின் விரலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்க் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தாள். இமாம் தொழ வைக்க மறுத்துவிட்டார். ஒரு விரலுக்கு எத்தனை தக்பீர் என்று எந்தக் கிதாபிலும் இல்லை என்றார்.

நிஹாலால் அதன்பிறகு வாத்தைத் தின்ன முடியவில்லை. 2012 மார்ச்சில் லுத்ஃபி பே உம்ரா யாத்திரை போனார், இரண்டு வார விடுப்பு. இயந்திரத்தில் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. சீட்டு விளையாடுவதற்காக மவ்ஜூத் முன்பு திறந்து கொடுத்தது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிஹால் உட்கார்ந்தாள். பட்டியலிலிருந்து ஒரு வேலையைப் பிடுங்குவாள், லுத்ஃபியின் பட்டியலில் நடுவாள், ஒரு முறை ஓட்டிப் பார்ப்பாள், அடுத்ததைப் பிடுங்குவாள். கோப்புகளின் உரிமையை ஒவ்வொன்றாக மாற்றினாள். மவ்ஜூத் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் அவள் தவறினாள், அவள் கேட்கும்வரை அவர் சொல்லவில்லை. பிற்பகல் ஒன்றரைக்கு இருநூற்றுப் பதினாலும் முடிந்தன. 204இன் பெயரில் ஒன்றுமில்லை.

"உஸ்தாத், அழிக்கட்டுமா?"

"அழி" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தம் கக்கத்தில் ஷவ்கி செருகியிருந்த புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு அவரே கண்ணை மூடிக்கொண்டார், அது மூடியே இருந்தது.

அவள் விசையை அழுத்தினாள். இயந்திரம் எதையும் சொல்லவில்லை. சரியாக நடந்தால் அது சொல்லாது.

அஸருக்குத் தூக்கினார்கள். முக்கில் சந்தூக்கு இடப்பக்கம் திரும்பியது. ஊர்க்காரர்களுக்கு அதில் சிறிய ஏமாற்றம். தஹானி சாம்பல் அங்கியைக் கழற்றிக் கறுப்பு உடுத்தி, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த பருப்புக் கஞ்சியைக் குடித்து, பதினாலு மணி நேரம் தூங்கினாள். எழுந்து கொஞ்சம் அழுதாள், மறுபடி தூங்கினாள். அந்த வியாழக்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். விதவை துக்கம் காக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளை அவள் சுவரில் கரியால் கோடிட்டு எண்ணத் தொடங்கினாள். பதினோரு கோடு வரை போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மதகு பத்தொன்பது இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்தது. இருபது ஏக்கர் முற்றிய கோதுமை மூழ்கியது. கோதுமை மாகாண சபை உறுப்பினர் ஒருவருடையது. பதிவில் பெயர் லுத்ஃபி என்று இருந்தது. அவர் அன்று காலைதான் மொட்டைத் தலையோடும் ஜம்ஜம் தண்ணீரோடும் வந்து எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்திருந்தார். மெமோவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்தார்கள். கொடுப்பவர் இடத்தில் ஒரு கையெழுத்து, பெறுபவர் இடத்தில் ஒரு கையெழுத்து, இரண்டையும் அவரே போட வேண்டும். லுத்ஃபி பே அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிஹாலின் அறைக்குத் தாமே நடந்து வந்தார். கோபப்படவில்லை.

"எஞ்சினியரம்மா, இது யார் பண்ணினதுன்னு நான் கேக்கல. கேட்டா உனக்குக் கஷ்டம். பழையபடி ஆக்க முடியுமா?"

"முடியாது பே. அழிச்சாச்சு."

"நாடா இருக்குல்ல? வாராவாரம் அந்த மனுஷன் ஒழுங்கா நகல் எடுத்து அடுக்கி வச்சிருக்காரே. முந்தின நாடாவப் போட்டா அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே எல்லாம் திரும்பி வருமாமே."

"அப்ப அவரும் வருவாரு."

"வரட்டுமே. வேலைக்குத்தானே வர்றாரு."

லுத்ஃபி பே சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து விரித்தார், பக்கத்தில் பேனாவை வைத்தார். "நான் கொடுமைக்காரன் இல்லம்மா. இப்பதான் கஃபாவத் தொட்டுட்டு வந்திருக்கேன். உனக்கு அவர் மேல பிரியம்னா உன் பேர்ல மாத்திக்க. மதகு பத்தொம்போதும் அதுல அடக்கம். கையெழுத்துப் போட்டா அவரு நிம்மதியாப் படுத்திருப்பாரு. போடலேன்னா நாடா. ரெண்டுல எதுவானாலும் நாலு மணிக்குள்ள."

அவர் போய்விட்டார். படிவம் ஒரு பக்கம்தான். நிஹால் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். அடையாள எண்ணுக்குப் பதினாலு கட்டங்கள் இருந்தன. முதல் ஏழு கட்டங்கள் எவருக்கும் சுலபம், நூற்றாண்டும் பிறந்த தேதியும்தான். அதுவரை எழுதினாள். எட்டாவது கட்டத்தின் மேல் பேனா நின்றது. அவளுக்கு முப்பது வயது. நிச்சயமாகியிருந்தது, அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கடல் தெரியும். இருபது ஏக்கர் கோதுமையை நினைத்தாள். பக்கத்து மாவட்டத்துக்காரர் இரண்டு வருஷம் உட்கார்ந்த சிறையை நினைத்தாள். மவ்ஜூதையும் நினைத்தாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் ஏற்கெனவே இறந்தவர், இரண்டாம் முறை அவருக்கு அவ்வளவு வலிக்காது என்று நினைத்தாள். பேனாவை மூடிப் படிவத்தை நாலாகக் கிழித்தாள். நாடாவை எடுத்துத் தூசி ஊதிப் போட்டாள்.

மீட்பு மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடியது. வேலை தெரிந்த எவரும் செய்வது போலவே செய்தாள்: இடம் போதுமா என்று பார்த்தாள், கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டாள், உரிமையாளர் எண்கள் பிசகாமல் வந்தனவா என்று சரிபார்த்தாள். 204 பிசகாமல் வந்திருந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. வழக்கமான மினிபஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மவ்ஜூத் வாசலில் நின்றார். காதிலும் மூக்கிலும் மண், நகத்துக்கடியில் மண், மேலே மூன்று துணி. ஸனூஸி முதலில் உள்ளே விடவில்லை, அலுவலக உடை இல்லை என்றார். பிறகு இரக்கப்பட்டுத் தம்முடைய ஜுப்பாவைக் கொடுத்தார். மவ்ஜூத் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, பன்னிரண்டு நாள் காரணமின்றி வராததற்கான மெமோவைப் பெற்றுக்கொண்டு, கோதுமை மெமோவையும் பெற்றுக்கொண்டு, தம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நிஹாலைப் பார்த்தார். இம்முறை ஏன் என்று கேட்கவில்லை. கோடை வெயில் சீக்கிரமே தொடங்கியிருந்தது. ஷவ்கி இரண்டு புட்டிகளோடு வந்தார்.

தஹானி இமாமிடம் போய், போட்ட பதினோரு கோடு செல்லுமா என்று கேட்டாள். அதை அப்படியே நிறுத்தி வைக்கும்படியும், பின்னால் தேவைப்பட்டால் பன்னிரண்டிலிருந்து தொடரலாமா என்று பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகவும் இமாம் சொன்னார். அவள் மையவாடிக்குப் போய்க் குழியைப் பார்த்தாள். உள்ளிருந்து தள்ளிய மண் இருபுறமும் குவிந்து கிடந்தது. கையால் அதை உள்ளே தள்ளி மூடினாள்; விரல் அங்கேதான் இருந்தது. வியாழக்கிழமை வாத்தோடு வந்தாள். துணி விரித்துப் பரிமாறிவிட்டு நிஹாலின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"யாரு பண்ணினது?"

"மேலேருந்து உத்தரவு, ஹாஜ்ஜா."

"விசாரிச்சேன். எந்தத் தாள்லயும் உன் பேரு இல்லையாம்." தஹானி அவள் தட்டில் ஒரு துண்டு வாத்து வைத்தாள். "கெட்டிக்காரி. சாப்பிடு."

நிஹால் சாப்பிட்டாள். உப்பு சரியாக இருந்தது. அந்த ஆண்டே அவளுக்குத் திருமணமாகி அலெக்ஸாண்ட்ரியாவுக்கு மாற்றலானாள். பால்கனியிலிருந்து கடல் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரிந்தது. 2017இல் பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுக் கையடக்கமாக ஒன்றை வைத்தார்கள். வந்த நிறுவனத்துக்காரர்கள் எல்லாக் கணக்குகளையும் எண் மாறாமல் ஒரே காலையில் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். மவ்ஜூத் அரை நிமிடம் தலை சாய்ந்து, நிமிர்ந்தார். லுத்ஃபி பே ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்தில் இறந்து, ஒரே முறையில் அடக்கமானார். அடுத்து வந்த இயக்குநர் பாதுகாப்பில் கண்டிப்பானவர். வெளியார் யாரும் அட்டையில்லாமல் உள்ளே வரக் கூடாது என்றார். தஹானிக்கும் ஒரு பார்வையாளர் அட்டை போட்டார்கள். முக்காட்டோடு எடுத்த புகைப்படம், கீழே பெயர், யாரைப் பார்க்க வந்தார் என்ற இடத்தில் கணவர் பெயர். எதுவரை செல்லும் என்று தேதி எழுத வேண்டிய இடத்தில் என்ன போடுவதென்று ஸனூஸிக்குத் தெரியவில்லை. தஹானி பேனாவை வாங்கி அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, வாத்து ஆறிவிடும் என்று உள்ளே போனாள்.